மூன்றாம் அத்தியாயத்தில் தத்துவம் எதற்கு? வணிக ஆய்வைத் தொடங்குவோருக்கு

எம்பிஏ ஆய்வேடு எழுதுகிறவர்களில் பலர், ஆய்வு முறையை விளக்கும் மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். கேள்வித்தாள் தயார். அதன் இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது, பதில்களும் வரத் தொடங்கிவிட்டன. அப்போதுதான் வழிகாட்டி கேட்கிறார்: "உங்கள் ஆய்வுத் தத்துவம் என்ன?" பகலில் சிங்கப்பூரின் ஜூரோங்கிலோ சாங்கியிலோ வேலை, இரவில் வகுப்பு என்று ஓடுகிறவருக்கு இது வேண்டாத சுமையாகத் தெரிவது இயல்புதான். அனுபவத்தால் அளந்து சரிபார்க்கக்கூடியதே அறிவு என்ற கொள்கைதான் பாசிட்டிவிசம்; பாடநூலிலிருந்து "இந்த ஆய்வு பாசிட்டிவிசத்தைப் பின்பற்றுகிறது" என்று ஒரு பத்தியை எடுத்து எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

கேள்வித்தாளின் முதல் வரியை எழுதியபோதே நீங்கள் ஒரு தத்துவத்தின் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். எது உண்மையில் இருக்கிறது, அதை எப்படி அறிய முடியும், அதில் உங்களுக்கு என்ன அக்கறை ஆகிய மூன்றுக்கும் உங்கள் ஆய்வுக் கேள்வி ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலைக் கடைசியில் தேடிப் பிடிப்பதைவிட முதலிலேயே கண்டுகொள்வது நல்லது.

எது இருக்கிறது?

சிங்கப்பூரில் மேலாண்மை படித்தவர்கள் பலரும் கேள்விப்பட்டிருக்கும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஹாலந்தைச் சேர்ந்த ஹோஃப்ஸ்டெட், 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் எடுத்த ஏறத்தாழ 116,000 கேள்வித்தாள்களை ஆராய்ந்தார். ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டுக்கும் சில அளவுகளில் மதிப்பெண் கொடுத்து 1980ல் நூலாக வெளியிட்டார். 'நிச்சயமின்மையைத் தவிர்க்கும் போக்கு' என்ற அளவில் சிங்கப்பூருக்குக் கிடைத்தது 8. அவருடைய பட்டியலில் ஆகக் குறைந்த மதிப்பெண் அதுதான். அதன்படி, நாளை என்ன ஆகும் என்று தெரியாத நிலை சிங்கப்பூரர்களை அவ்வளவாகக் கலங்கவைப்பதில்லை.

பிள்ளைக்கு முதலாம் வகுப்பில் இடம் கிடைக்கவேண்டும் என்பதற்காக முன்கூட்டியே பள்ளியில் தொண்டூழியம் செய்யும் பெற்றோரைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் உறுத்தும். "ஹோஃப்ஸ்டெட் சொன்னது சரியா, தவறா?" என்று உடனே கேட்கத் தோன்றும். அதற்கு முன்பு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு நாட்டின் பண்பாடு என்பது வெளியே தனியாக இருந்துகொண்டு, யார் அளந்தாலும் அதே அளவு காட்டும் ஒன்றா? அல்லது மனிதர்கள் தினமும் பேசிப் பழகி, உருவாக்கி, மாற்றிக்கொண்டே இருப்பதா?

இதுதான் ஆன்டாலஜி. தமிழில் இருப்பியல் என்கிறார்கள். முதல் பதிலைச் சொல்பவருக்கு 8 என்பது ஓர் அளவீடு. அதில் பிழை இருக்கலாம், ஆனால் அளப்பதற்கு ஒன்று இருக்கிறது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. இரண்டாவது பதிலைச் சொல்பவருக்கு அந்த எண், குறிப்பிட்ட சிலர் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தில் குறிப்பிட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களின் சுருக்கம் மட்டுமே. 2002ல் பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் எழுதிய விமர்சனம் இங்கேதான் கை வைத்தது. ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் ஒரு நாட்டுக்கே எப்படிப் பிரதிநிதி ஆவார்கள் என்று அவர் கேட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்த கேள்வித்தாள்கள் நூற்றுக்கும் குறைவு. ஹோஃப்ஸ்டெட் அசரவில்லை. நிறுவனம் ஒன்று, வேலையும் ஏறக்குறைய ஒன்று என்னும்போது, பதில்களில் தெரியும் வேறுபாட்டுக்கு நாடுதான் காரணமாக இருக்க முடியும் என்று வாதிட்டார். இருவரும் ஒரே தரவை வைத்துக்கொண்டு பேசினார்கள். தரவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதில்தான் பிளவு.

உங்கள் ஆய்வில் 'நிறுவனப் பண்பாடு', 'தலைமைத்துவம்', 'ஊழியர் ஈடுபாடு' போன்ற சொற்கள் இருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்கும் உண்டு. மாத வாடகை எத்தனை வெள்ளி என்று கேட்டால் ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஈடுபாட்டை அப்படி எங்கே போய்ப் பார்ப்பது?

எப்படி அறிவது?

எபிஸ்டெமாலஜி எனப்படும் அறிவாய்வியல் இங்கே வருகிறது. பெயர் வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம், கேள்வி நமக்குப் பழையதுதான். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகச் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கி அறியும் வழிகளைப் பத்தாக அடுக்குகிறார். கடைசியில் பேசும் பூதவாதியோ கண்கூடாகத் தெரிவதை மட்டுமே ஏற்கிறார். அவரிடம் மணிமேகலை ஒன்று கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

வணிக ஆய்வு செய்யும் ஒவ்வொருவரும் தன்னிடமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இது. ரென்சிஸ் லிக்கர்ட் 1932ல் அறிமுகப்படுத்திய ஐந்து புள்ளி அளவுகோலில் (1 என்றால் முழு மறுப்பு, 5 என்றால் முழு உடன்பாடு) ஓர் ஊழியர் 4ஐ வட்டமிடுகிறார். நீங்கள் கண்ணால் கண்டது அந்த வட்டத்தைத்தான். அவருக்கு வேலையில் திருப்தி இருக்கிறது என்பது உங்கள் அனுமானம். அனுமானம் தவறே அல்ல. எதிலிருந்து எதை அனுமானிக்கிறோம், அந்தத் தாவலுக்கு என்ன ஆதாரம் என்று சொல்ல முடியவேண்டும், அவ்வளவுதான்.

பாசிட்டிவிசத்தின் வேர் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஒகஸ்ட் காம்ட்டிடம் இருக்கிறது. இயற்கையை ஆராய்வதுபோலவே சமூகத்தையும் ஆராய்ந்து அதன் விதிகளைக் கண்டுபிடிக்கலாம் என்று அவர் நம்பினார். 1920களில் வியன்னா வட்டம் எனப்பட்ட அறிஞர் குழுவினர் அதைக் கூர்மையாக்கினார்கள். அனுபவத்தால் சரிபார்க்க முடியாத கூற்றுக்கு அறிவியலில் பொருளே இல்லை என்ற அளவுக்குப் போனார்கள். 1934ல் கார்ல் பாப்பர் வேறு வழி காட்டினார். ஆயிரம் சான்றுகள் சேர்ந்தாலும் ஒரு கொள்கையை உறுதியாக நிரூபிக்க முடியாது, ஆனால் எதிரான ஒரு சான்று அதை வீழ்த்திவிடும். ஆகவே தோற்றுப்போக வாய்ப்புள்ள கூற்றுதான் அறிவியல் கூற்று என்றார். உங்கள் ஆய்வேட்டுக்கு இதில் நேரடியான பயன் உண்டு. "கருதுகோள் நிரூபிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். "தரவு கருதுகோளுக்கு ஆதரவாக இருக்கிறது" என்று எழுதுங்கள். முன்னதைப் பார்த்தால் தேர்வாளரின் சிவப்புப் பேனா தானாகத் திறந்துகொள்ளும்.

பாசிட்டிவிசத்தைக் குறைத்துப் பேசுவது இப்போது சில வகுப்புகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்டண முறையை மாற்றியபின் விற்பனை கூடியதா, எத்தனை விழுக்காடு, அது தற்செயலா என்று கேட்பவருக்கு எண்ணும் கருதுகோளும், மாற்றம் எதுவும் செய்யாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுக் குழுவும்தான் துணை. அந்தக் கேள்வியை நான்கு நேர்காணல்களால் தீர்த்துவிட முடியாது.

ஒரு பூக்கடையில்

மறுபக்கத்தைக் காட்ட, எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் ஆய்வைச் சொல்கிறேன். தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்துச் சிறு கடைகள் க்யூஆர் கட்டணத்தை ஏற்பது பற்றியது அது. வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்ப உதவும் பேநவ் சேவை 2017ல் வந்தது. பல நிறுவனங்களின் குறியீடுகளை ஒரே ஒட்டுவில்லையில் கொண்டுவந்த எஸ்ஜிக்யூஆர் 2018ல் வந்தது. மாணவி எடுத்துக்கொண்டது ஃபிரெட் டேவிஸ் 1989ல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஒரு தொழில்நுட்பம் பயனுள்ளது, எளியது என்று ஒருவர் கருதினால் அதைப் பயன்படுத்தும் எண்ணம் அவருக்கு வரும் என்பது அதன் சாரம். எம்பிஏ ஆய்வுகளில் அடிக்கடி கண்ணில் படும் மாதிரிதான்.

பஃபலோ ரோட்டில் மாலை கட்டி விற்கும் அக்கா ஒருவருக்குப் படிவத்தை நிரப்ப நேரமில்லை. கை நூலைச் சுற்றிக்கொண்டிருந்தது. மாணவியே கேள்விகளைப் படித்துக் காட்டினாள்.

"இந்த க்யூஆர் உங்க வியாபாரத்துக்குப் பயன்படுதுன்னு நினைக்கிறீங்களாக்கா?"

"நல்லதுதாம்மா. அஞ்சு போட்டுக்க."

"ஈசியா இருக்கா?"

"அதுக்கென்ன, ஒட்டியிருக்குல்ல. அதுக்கும் அஞ்சு."

"இனிமேலும் இதுலயே வாங்குவீங்களா?"

"வாங்குவேன். ஆனா காசு மருமகன் கணக்குக்குல்ல போகுது. விடியக்காலையில பூ இறக்குறவருக்கு நான் கையிலதான் குடுக்கணும். அதனால நோட்டு நீட்டுறவங்களப் பாத்தா மனசுக்கு நிம்மதி."

மாதிரியின்படி இவர் ஆக உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஏற்பாளர். படிவத்தில் எல்லாம் 5. ஆனால் அவர் அன்றாடம் விரும்புவது ரொக்கத்தை. பயன், எளிமை என்ற இரண்டு பெட்டிகளிலும் அடங்காத ஒன்று அவருடைய முடிவைத் தீர்மானிக்கிறது. கணக்கு யார் பெயரில் இருக்கிறது, பணம் எந்த நேரத்தில் யார் கைக்கு வரவேண்டும் என்பது பற்றிப் படிவத்தில் கேள்வியே இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத அதில் இடமும் இல்லை.

விளக்கமுறை ஆய்வு, அதாவது இன்டர்பிரெட்டிவிசம், அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கும். மனிதர்களின் செயலை விளக்க வேண்டுமானால், அந்தச் செயலுக்கு அவர்களே கொடுக்கும் பொருளைப் புரிந்துகொள்ளவேண்டும் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் வலியுறுத்தினார். கல்லுக்குத் தன் வீழ்ச்சியைப் பற்றி எந்தக் கருத்தும் கிடையாது. பூக்கடை அக்காவுக்குத் தன் காசைப் பற்றித் தெளிவான கருத்து இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவருடைய நடத்தையை விளக்கினால் விளக்கம் பாதிதான். இந்த வழியில் போகிறவர் கடையில் உட்கார்ந்து பார்ப்பார், பேசவிடுவார், பேச்சை அப்படியே எழுதிக்கொண்டு மீண்டும் மீண்டும் படிப்பார். பத்துப் பதினைந்து பேரோடு நிறுத்திக்கொள்வார். "இது எல்லாக் கடைக்கும் பொருந்துமா?" என்று கேட்டால் அப்படிப் பொதுமைப்படுத்துவது தன் நோக்கம் அல்ல என்பார். அந்தப் பதில் அவருடைய தத்துவத்துக்கு உள்ளிருந்தே வருகிறது.

ஒரு தொழிற்சாலை கற்றுக்கொடுத்தது

பாசிட்டிவிசத்திலிருந்து விளக்கமுறைக்கு ஓர் ஆய்வே நடந்துபோன வரலாறும் உண்டு. சிக்காகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலையில் 1924ல் தொடங்கிய சோதனை, வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்ற மிகச் சாதாரணமான கேள்வியைக் கேட்டது. ஒரு பிரிவில் வெளிச்சத்தை மாற்றினார்கள், இன்னொன்றில் மாற்றவில்லை. பாசிட்டிவிசப் பாடநூலில் அச்சிடத் தகுந்த அமைப்பு. ஆனால் முடிவு யாருக்கும் பிடிபடவில்லை. வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் சீரான உறவு கிடைக்கவில்லை.

1927ல் சிறு குழுவாகப் பெண் தொழிலாளர்களைத் தனி அறையில் வைத்து ஓய்வு நேரம், வேலை நேரம், ஊதிய முறை ஆகியவற்றை மாற்றிப் பார்த்தார்கள். பின்னர் ஹார்வர்டிலிருந்து எல்டன் மேயோவும் வந்து சேர்ந்தார். 1928ல் தொடங்கிய நேர்காணல்களில் 20,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் பேசினார்கள். முதலில் கையில் கேள்விப் பட்டியல் இருந்தது. ஊழியர்களோ பட்டியலில் இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். ஆகவே பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் போக்கில் பேசவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். 1931ல் ஒயரிங் வேலை செய்யும் ஆண்கள் குழுவைக் கூடவே இருந்து கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செய்வது என்று குழு தனக்குள் ஓர் அளவு வைத்திருந்தது. அதைத் தாண்டுபவரைச் சக தொழிலாளர்களே கேலி செய்து அடக்கினார்கள். கூடுதல் ஊதியம் கிடைக்கும் என்ற வாய்ப்பும் அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கவில்லை.

வெளிச்சத்தை அளக்கப் போனவர்கள் ஒரு குழுவின் எழுதப்படாத சட்டத்தைக் கண்டு திரும்பினார்கள். கேள்வி மாறியபோது, எது உண்மை என்பது பற்றிய நம்பிக்கையும் மாறியது, முறையும் மாறியது. ஒன்று மாறினால் மற்ற இரண்டும் மாறத்தான் செய்யும். இதை எந்த வரைபடத்தைவிடவும் ஹாதோர்ன் நன்றாகக் காட்டுகிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே மக்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்ற 'ஹாதோர்ன் விளைவு' பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஆனால் ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் அந்தப் பழைய வெளிச்சத் தரவை மறுபடி ஆராய்ந்து 2011ல் வெளியிட்ட கட்டுரையில், பரவலாகச் சொல்லப்படும் அளவுக்கு அதில் சான்று இல்லை என்று காட்டினார்கள். ஆய்வேட்டில் அந்த விளைவை மேற்கோள் காட்டும்போது கவனம் தேவை.

இடையில் இருப்பவர்கள்

ராய் பாஸ்கர் லண்டனில் இந்தியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த தத்துவவாதி. 1975ல் வெளிவந்த அவருடைய முதல் நூலிலிருந்து வளர்ந்ததுதான் கிரிட்டிக்கல் ரியலிசம். உண்மைக்கு மூன்று அடுக்குகள் உண்டு என்றார் அவர். நாம் அனுபவித்து அறிவது ஒன்று. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நடந்துகொண்டிருப்பது இன்னொன்று. அவற்றை நடக்கவைக்கும் இயக்கவிசைகள் ஆக அடியில் இருப்பது. பூக்கடைக்கே வருவோம். படிவத்தில் உள்ள 5 முதல் அடுக்கு. நாள்தோறும் எத்தனை பேர் ரொக்கம், எத்தனை பேர் க்யூஆர் என்பது இரண்டாவது. குடும்பத்தில் வங்கிக் கணக்கு யாரிடம், பூ கொண்டுவருபவர் ஏன் ரொக்கம் கேட்கிறார், இந்தச் சங்கிலி எப்படி உருவானது என்பது மூன்றாவது. "இது இப்படி நடக்கிறதென்றால், அடியில் என்ன இருந்தாகவேண்டும்?" என்று பின்னோக்கிக் கேட்பது இவர்களுடைய வழி. எண்ணையும் எடுப்பார்கள், பேச்சையும் கேட்பார்கள், இரண்டோடும் நின்றுவிட மாட்டார்கள். முதுகலை நிலையில் வணிகச் சிக்கல்களை ஆராய்பவர்களுக்கு மிகவும் கைகொடுக்கும் தத்துவம் இதுதான் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் பியர்ஸ், வில்லியம் ஜேம்ஸ், ஜான் டூயி ஆகியோரிடமிருந்து வந்த பிராக்மடிசம், ஒரு கருத்தின் மதிப்பை அது செயலில் என்ன மாற்றம் தருகிறது என்பதில் பார்க்கிறது. கேள்வித்தாள், நேர்காணல் இரண்டையும் செய்கிறவர்கள் உடனே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். முடிவெடுக்காமல் தப்பிக்கும் வழியாக இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. எந்தச் சிக்கலைத் தீர்க்க, யாருக்குப் பயன்பட, ஏன் இரண்டும் தேவை என்று சொல்லாவிட்டால் அது பிராக்மடிசம் ஆகாது.

மார்க் சாண்டர்ஸ் குழுவினரின் ஆய்வு முறைப் பாடநூலில் உள்ள 'ரிசர்ச் ஆனியன்' (ஆய்வு வெங்காயம்) வரைபடத்தைப் பலர் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். வெளித்தோலில் தத்துவம், உள்ளே உத்தி, நடுவில் தரவு. வரிசையை நினைவில் வைக்க உதவும் படம்தான். ஆனால் ஒவ்வொரு தோலிலும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து வட்டமிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தையும் அது கொடுத்துவிடுகிறது. கேள்வித்தாள் பயன்படுத்தினால் பாசிட்டிவிஸ்ட், நேர்காணல் செய்தால் இன்டர்பிரெட்டிவிஸ்ட் என்று நினைப்பது இதனால் வரும் குழப்பம். பாசிட்டிவிச மனத்தோடு நேர்காணல் செய்பவரும் உண்டு. சொன்னதையெல்லாம் எண்ணி அட்டவணையாக்குவார், யார் எதைச் சொன்னாலும் அதை ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்வார்.

யார் பக்கம் நின்று கேட்கிறோம்?

நிறுவனங்களைப் பற்றிய கோட்பாடுகளை ஆராய்ந்த பர்ரெல், மோர்கன் இருவரும் 1979ல் ஒரு வரைபடம் தந்தார்கள். ஒரு கோடு, உண்மை வெளியே இருக்கிறதா, மனிதர் ஆக்குகிறாரா என்பது. குறுக்குக் கோடு, இருக்கும் ஒழுங்கு எப்படி இயங்குகிறது என்று பார்க்கிறோமா, அது ஏன் மாறவேண்டும் என்று பார்க்கிறோமா என்பது. இந்த இரண்டாவது கோட்டைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். துப்புரவுத் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்படியாக உயரும் சம்பள முறை 2014ல் அந்தத் துறையில் நடப்புக்கு வந்தது. பயிற்சி ஊழியரின் உற்பத்தித்திறனை எவ்வளவு உயர்த்துகிறது என்று கேட்பது ஓர் ஆய்வு. அந்த வேலைக்குச் சம்பளம் அதற்குமுன் ஏன் தாழ்ந்தே கிடந்தது, அதனால் யாருக்கு லாபம் என்று கேட்பது இன்னோர் ஆய்வு. இரண்டும் வணிக ஆய்வுதான். இரண்டாவதைக் கேட்பவரை அரசியல் பேசுகிறார் என்று ஒதுக்குவது நியாயமில்லை. முதலாவதைக் கேட்பவரும் எதைக் கேட்காமல் விடுவது என்று ஒரு முடிவு எடுத்திருக்கிறார்.

ஆக்சியாலஜி என்ற விழுமியவியல் இதைத்தான் பேசுகிறது. உங்கள் சொந்த நிறுவனத்தில், உங்கள் பிரிவு ஊழியர்களிடமே நீங்கள் கருத்துக் கேட்டால், அவர்கள் பதில் சொல்வது மாணவருக்கா, மேலாளருக்கா? முதலாளி அனுப்பிவைத்த இணைப்பில் யார் மனம் திறந்து 1 போடுவார்? பூக்கடையில் "அக்கா" என்று கூப்பிட்டதால்தான் அந்த மாணவிக்குக் கடைசி வாக்கியம் கிடைத்தது. முதல் இரண்டு 5களும் அதே பாசத்தால் வந்திருக்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் கேட்பவற்றை நிறைவேற்றியாக வேண்டும். இந்த உறவுகளை அவை கவனித்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது, நீங்கள்தான் எழுத்தில் ஒப்புக்கொள்ளவேண்டும்.

எழுத உட்காரும்போது இஸம்களின் வரலாற்றை மூன்று பக்கத்துக்கு விரிக்கவேண்டாம். உங்கள் ஆய்வுப் பொருளையே எழுவாயாக வையுங்கள். அந்த மாணவி கடைசியில் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "கடைக்காரர்களின் கட்டணத் தேர்வு அவர்களுடைய கருத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, குடும்பக் கணக்கு, சரக்குக் கடன் போன்ற ஏற்பாடுகளாலும் தீர்மானிக்கப்படுகிறது என்று இந்த ஆய்வு கொள்கிறது. அவை கேள்வித்தாளில் நேரடியாகத் தெரியாது. ஆகவே கேள்வித்தாளில் கிடைத்த போக்குகளை நேர்காணல்கள் வழியாகப் பின்னோக்கி விளக்க முயல்கிறது." கிரிட்டிக்கல் ரியலிசம் என்ற பெயரை இதற்கு அடுத்த வரியில்தான் சேர்த்தாள். அதற்குப் பிறகு, எண்கள் எதைச் சொல்லா, நேர்காணல்கள் எதைச் சொல்லா என்று இரண்டு வரி. வாய்மொழித் தேர்வில் அவளிடம் நெடுநேரம் கேள்வி கேட்டது அந்த இரண்டு வரியைப் பற்றித்தான்.